செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் தமிழில் வேலை வாங்குவது எப்படி? யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவருக்கு விரிவான பதில்

கோண்டாவிலில் விஞ்ஞான ரியூசன் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது: "சட்ஜிபிடி, ஜெமினி ரெண்டையும் பாவிக்கிறன். கேட்டதுக்கெல்லாம் மறுமொழி வருது. ஆனா பிள்ளையளுக்கு அப்பிடியே குடுக்கிற மாதிரியோ, கந்தோருக்குக் கொண்டுபோற மாதிரியோ ஒண்டும் வருகுதில்லை. இங்கிலீசில கேட்டாத்தான் சரிவருமோ? நல்ல புரொம்ட் பட்டியல் ஏதும் இருக்கோ?"

புரொம்ட் (செயலிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கேள்வி அல்லது அறிவுறுத்தல்) பட்டியலால் பெரிய பயன் இல்லை, ரீச்சர். "சிறந்த 100 புரொம்ட்" என்று வட்ஸ்அப்பில் சுற்றுகிறவை வேறு யாருடையோ வேலைக்காக எழுதப்பட்டவை. உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் யார், எந்த ஊர், எந்தப் பாடத்திட்டம் என்று எதுவும் தெரியாமல்தான் இந்தச் செயலி தொடங்குகிறது. நீங்கள் சொல்லாமல் விட்ட ஒவ்வொன்றையும், தான் அதிகம் படித்த எழுத்திலிருந்து ஊகித்து நிரப்பிவிடும். இணையத்தில் உள்ள தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. அதனால் "தமிழில் எழுது" என்று மட்டும் சொன்னால் புள்ளி மதிப்பெண்ணாகும், பாடசாலை பள்ளியாகும், அரசாங்க அதிபர் மாவட்ட ஆட்சியராவார், நுளம்பு கொசுவாகும். நல்ல புரொம்ட் எழுதுவது என்பது, இப்படி அது ஊகிக்க விடப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாக அடைப்பதுதான்.

கந்தோர்க் கடிதத்தை முதலில் பார்ப்போம். ஒழுங்கையின் வெள்ள வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கிறது, பிரதேச சபைக்கு எழுத வேண்டும் என்று வையுங்கள். வழக்கமாக அடிப்பது: "வாய்க்கால் சுத்தம் செய்யக் கோரிக் கடிதம் எழுதித் தா." உடனே "மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு" என்று தொடங்கி, துர்நாற்றம், நோய், குழந்தைகள், முதியோர் என எந்த ஊருக்கும் பொருந்தும் பந்திகள் வந்து விழும். நடுவில் "பலமுறை முறையிட்டும் நடவடிக்கை இல்லை" என்று நீங்கள் சொல்லாத குற்றச்சாட்டு ஒன்றும் இருக்கும். அதே வேலைக்கு இப்படி எழுதிப் பாருங்கள்:

"யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு பிரதேச சபையின் தவிசாளருக்கு, அந்தச் சபை எல்லைக்குள் குடியிருக்கும் ஒருவர் எழுதும் கோரிக்கைக் கடிதம் வேண்டும். கடிதத்தின் பிரதி ஒன்று சபைச் செயலாளருக்கு. விபரம்: எங்கள் ஒழுங்கையின் வெள்ள வாய்க்கால் ஏறத்தாழ 60 மீற்றர் நீளத்துக்கு மண்ணாலும் பிளாஸ்ரிக் போத்தல்களாலும் அடைபட்டிருக்கிறது. ஒழுங்கையில் 14 வீடுகள். போன மாரியில் 5 வீட்டு முற்றங்களில் 3 நாள் வெள்ளம் நின்றது. 2 கிணறுகளுக்குள் வெள்ளம் இறங்கியது. கேட்பது: ஐப்பசி மழைக்கு முன் துப்புரவாக்கித் தர வேண்டும். வேலை நடக்கும் நாளை முன்கூட்டி அறிவித்தால் குடியிருப்பாளர்களும் உதவிக்கு நிற்பார்கள். இலங்கையில் அரச அலுவலகங்களுக்கு எழுதும் தமிழ் நடை. 3 பந்தி, ஒரு பக்கத்துக்குள். மரியாதையாக, யாரையும் குறை சொல்லாமல். நான் தராத திகதி, சட்டப் பிரிவு, எண்ணிக்கை, முன்னைய முறைப்பாடு எதையும் சேர்க்க வேண்டாம். தேவைப்படும் விபரம் என்னிடமிருந்து வரவில்லை என்றால் அந்த இடத்தில் கோடு விடு."

நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. தவிசாளர் என்ற ஒரு சொல்லே கடிதத்தை இலங்கைக்குக் கொண்டுவந்துவிடும். 60 மீற்றர், 14 வீடு, 2 கிணறு ஆகியவைதான் கடிதத்தின் உயிர். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் ஊரில் வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கியது எவ்வளவு பாரதூரம் என்று சபையில் இருப்பவருக்குத் தெரியும். அந்த விபரம் உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால் செயலியால் எழுத முடியாது. "150 சொல்லுக்குள்" என்பதை விட "3 பந்தி" என்பதை அது ஒழுங்காகக் கடைப்பிடிக்கும். சொற்களை எண்ணி எழுதும் பொறி அல்ல அது, கூடக்குறைய வரும். கடைசி இரண்டு வசனங்கள் வேலி மாதிரி. அவை இல்லாவிட்டால் கடிதம் நிறைவாகத் தெரியவேண்டும் என்பதற்காக இல்லாத திகதியையும் சட்டப் பிரிவையும் நம்பும்படி எழுதிவிடும். கோடு விடச் சொன்னால், எதை நீங்கள் இன்னும் தேடவேண்டும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இனி உங்கள் வகுப்பு. எனக்குப் பெரிய கவலை தருவது 'வேகம்' என்ற ஒரு சொல்தான். மற்றக் கலைச்சொற்களில் செயலி தமிழ்நாட்டுச் சொல்லைப் போட்டால் கண்டவுடன் பிடித்துவிடலாம். ஒளித்தொகுப்புக்கு ஒளிச்சேர்க்கை, ஒட்சிசனுக்கு ஆக்சிஜன், ஆர்முடுகலுக்கு முடுக்கம், செக்கனுக்கு வினாடி என்று வந்தால் பிள்ளைக்கே தெரியும். ஆனால் 'வேகம்' அப்படிப் பிடிபடாது. எங்கள் பாடநூலில் கதி என்றால் திசை இல்லாத கணியம், வேகம் என்றால் திசையுள்ளது. தமிழ்நாட்டுப் பாடநூலில் திசை இல்லாததுதான் வேகம். திசையுள்ளதைத் திசைவேகம் என்பார்கள். ஒரே சொல், இரண்டு கணியம். நேர்கோட்டியக்கத்தில் செயலி தரும் விளக்கம் தன்னளவில் சரியாக இருக்கும், ஆனால் எங்கள் பரீட்சைக்குப் பிழையாகிவிடும். பிள்ளை அதை மனனம் செய்துகொண்டு போய் இழக்கும் புள்ளிக்கு யாரும் காரணம் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இதைத் தடுக்க "இலங்கைப் பாடத்திட்டம்" என்று சொல்வது மட்டும் போதாது. அலகுக்குரிய சொற்களை நீங்களே கொடுங்கள்: "திசை இல்லாதது கதி, திசையுள்ளது வேகம், வேகம் மாறும் வீதம் ஆர்முடுகல், நேரத்தின் அலகு செக்கன். இந்தச் சொற்களை மட்டும் பாவி." ஒரு அலகுக்கு 15 அல்லது 20 சொல் போதும். ஒருமுறை எழுதி வைத்தால் வருடம் முழுக்க ஒட்டலாம். அதைவிட நல்லது, பாடநூலின் அந்தப் பக்கங்களையே கொடுத்து, "இதற்குள் உள்ளதை மட்டும் வைத்துக் கேள்வி அமை" என்பது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

சாதாரண தர விஞ்ஞானத்தின் முதலாம் பகுதி 40 பல்தேர்வு வினா, ஒவ்வொன்றுக்கும் 4 விடை என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காக 40 வினாவை ஒரே தடவையில் கேட்காதீர்கள். போகப் போகப் பழைய வினாவே எண் மாறி வரத் தொடங்கும், பிழை விடைகள் சோம்பலாகிவிடும். ஒரு தடவைக்கு ஒரு அலகு, 8 அல்லது 10 வினா என்று கேளுங்கள். எந்த வினா அறிவைச் சோதிக்க வேண்டும், எந்த வினா பிரயோகத்தைச் சோதிக்க வேண்டும் என்றும் பிரித்துச் சொல்லுங்கள்.

பிழை விடைகள்தான் பல்தேர்வு வினாவின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. அவற்றைச் செயலியின் போக்கில் விட்டால் யாரும் தெரிவு செய்யாத எண்களைப் போடும். "ஒவ்வொரு பிழை விடையும் மாணவர் உண்மையில் விடும் ஒரு தவறிலிருந்து வரவேண்டும், அது எந்தத் தவறு என்று அடைப்புக்குறிக்குள் எழுது" என்று கேளுங்கள். ஒருவர் 4 கி.மீ. வடக்கே போய், பிறகு 3 கி.மீ. கிழக்கே போகிறார், இடப்பெயர்ச்சியின் பருமன் என்ன என்ற வினாவில் சரியான விடை 5 கி.மீ. தூரத்தையும் இடப்பெயர்ச்சியையும் குழப்புகிற பிள்ளை 7 என்பார், கழித்துப் பார்க்கிறவர் 1 என்பார், பெருக்குகிறவர் 12 என்பார். ஆக 1, 5, 7, 12 என்ற நான்குமே அர்த்தமுள்ள எண்கள். திருத்தும்போது எந்தப் பிள்ளைக்கு எங்கே விளக்கம் தேவை என்பதையும் அந்த எண்ணே காட்டிவிடும். இப்படி ஒரு மாதிரி வினாவை நீங்களே எழுதிக் கொடுத்து "இதைப் போல" என்று கேட்டால், நாலு பந்தி விளக்கம் எழுதத் தேவையில்லை.

மாதிரி கொடுப்பது பழைய, நம்பகமான முறை. இந்தச் செயலிகளின் உள்ளே இயங்கும் மொழி மொடல்கள் இரண்டு மூன்று உதாரணங்களைக் கண்டே வேலையைப் பிடித்துக்கொள்ளும் என்பது 2020-இல் ஜிபிடி-3 என்ற மொடல் வந்தபோதே தெளிவானது. ஒரு எச்சரிக்கை மட்டும் வேண்டும்: உதாரணத்தில் உள்ள எல்லாவற்றையும் அது பின்பற்றும், நீங்கள் கவனிக்காததையும் சேர்த்து. மூன்று மாதிரியிலும் சரியான விடை இரண்டாவதாக இருந்தால் வருவதிலும் இரண்டாவது அடிக்கடி சரியாக இருக்கும். மூன்றிலும் சரியான விடைதான் நீளமானது என்றால் அதுவும் தொற்றும், கெட்டிக்காரப் பிள்ளை பாடத்தைப் பார்க்காமலே அதைப் பிடித்துவிடும். மாதிரிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்கட்டும்.

வினாக்கள் வந்த பிறகு ஒரு சோதனை கட்டாயம். விடைகளை நீக்கிவிட்டு, வினாக்களை மட்டும் கொப்பி பண்ணி, புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து, "ஒவ்வொன்றையும் படிமுறையாகச் செய்து விடை சொல், இரண்டு விடை பொருந்தும் வினா இருந்தால் சுட்டிக்காட்டு" என்று கேளுங்கள். முதல் விடையும் இரண்டாவது விடையும் ஒத்துப்போகாத வினாக்களில் பெரும்பாலும் ஏதோ கோளாறு இருக்கும். ஒத்துப்போனாலும் உங்கள் கண்ணால் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும், ஆனால் முதலில் பார்க்க வேண்டியவை எவை என்று தெரிந்துவிடும். அதே உரையாடலில் கேட்டால் தான் முன்பு சொன்னதற்கே சார்பாக நிற்கும், அதனால்தான் புதிது.

"படிமுறையாக" என்ற சொல்லுக்கும் காரணம் உண்டு. இறுதி விடையை உடனே கேட்பதைவிட இடைப்படிகளை எழுதவைத்தால் கணக்குகளில் சரியான விடை கூடுகிறது என்று 2022-இல் வந்த ஆய்வுகள் காட்டின. இப்போதைய புதிய மொடல்கள் பல தாமாகவே யோசித்துவிட்டுத்தான் பதில் தருகின்றன, ஆகவே அந்தச் சொல்லில் மந்திரம் ஏதும் இல்லை. படிகள் எழுதப்பட்டிருந்தால் எந்தப் படியில் பிழை என்று நீங்கள் பார்க்கலாம் என்பதே இன்றைக்கு அதன் பயன்.

அடுத்து, ஆங்கிலமா தமிழா என்ற கேள்வி. இந்தச் செயலிகள் எழுத்தை டோக்கன் எனப்படும் துண்டுகளாக வெட்டித்தான் வாசிக்கின்றன. யுனிகோட் என்ற பொதுக் கணினி எழுத்துமுறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு வழமையாக 3 பைற் (சேமிப்பு அலகு) போகிறது, ஆங்கில எழுத்துக்கு 1. 'யாழ்ப்பாணம்' என்பது அரவுகளையும் குற்றுகளையும் சேர்த்து 11 குறியீடு, 33 பைற். அதே ஊரின் ஆங்கிலப் பெயர் 6 எழுத்து, 6 பைற். துண்டு வெட்டும் முறைகளும் ஆங்கிலத்தை அதிகம் கண்டு உருவானவை. அதனால் ஒரே விடயம் தமிழில் கூடுதலான துண்டுகளாகும். இலவசக் கணக்கின் எல்லை விரைவில் வரக்கூடும், நீளமான பதில் நடுவில் நிற்கவும் கூடும். நின்றால் "தொடர்" என்று சொல்வதைவிட, "6-ஆம் வினாவிலிருந்து தொடர்" என்று இடத்தைச் சொல்லுங்கள்.

இதற்காக ஆங்கிலத்துக்கு மாறத் தேவையில்லை. சிக்கலான நிபந்தனைகள் நிறைய இருந்தால், உங்களுக்கு ஆங்கிலம் ஓடுமானால், அறிவுறுத்தலை ஆங்கிலத்தில் எழுதலாம். ஆனால் சொற்பட்டியல், மாதிரி, பாடநூற் பகுதி எல்லாம் தமிழில்தான் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் செய்து முடித்துவிட்டுக் கடைசியில் "தமிழாக்கு" என்பதுதான் எனக்குச் சற்றும் பிடிக்காத வழி. சொல் எல்லாம் தமிழாக இருக்கும், வசனம் ஒன்றும் தமிழாக இருக்காது.

உண்மையில் கெடுதல் தருவது ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பது. வலை, வளை, வாளை, வாழை எல்லாம் அங்கே ஏறத்தாழ ஒன்றுதான். பாசையூரில் கடற்றொழிலாளர் ஒருவர் வாளை மீனைப் பற்றிக் கேட்டால் வாழைப்பழம் பற்றிப் பதில் வர இடமுண்டு. போனில் தமிழ் விசைப்பலகையைப் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது குரலால் சொல்லி, வந்த எழுத்தை ஒருமுறை வாசித்துத் திருத்தி அனுப்புங்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு பொறி பாமினி. பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் கிடக்கும் பழைய வினாத்தாள்கள் ஏராளம் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அதைக் கொப்பி பண்ணி ஒட்டினால் செயலிக்குப் போவது அந்தக் குழம்பிய எழுத்துத்தான். சில வேளை அது ஊகித்து ஏதோ பதிலும் தரும், அதுதான் ஆபத்து. ஒட்டிய பிறகு பெட்டிக்குள் தமிழ் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் பாமினியை யுனிகோட்டாக மாற்றும் இலவசக் கருவி ஒன்றில் முதலில் மாற்றுங்கள். சில பிடிஎப் கோப்புகளிலும் இதே கோளாறு உண்டு. அப்போது பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்து, "முதலில் இதில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து எழுதிக் காட்டு, வேறு எதுவும் செய்யாதே" என்று கேளுங்கள். ன, ண, ல, ள, ழ எழுத்துகளையும் எண்களையும் சரிபார்த்த பிறகே வினா கேளுங்கள். கொழும்பிலிருந்து சிங்களத்தில் வரும் கடிதத்துக்கும் இதே முறைதான்: முதலில் உள்ளதை உள்ளபடி, பிறகு மொழிபெயர்ப்பு, பிறகு திகதி, தொகை, இலக்கம் மட்டும் தனியாக.

நீளமான ஆவணத்தைக் கொடுக்கும்போது ஆவணத்தை முதலிலும் கேள்வியை முடிவிலும் வையுங்கள். நீண்ட எழுத்தின் நடுவில் இருப்பதை இந்த மொடல்கள் தவறவிடக்கூடும் என்பது 2023-இல் சோதித்துக் காட்டப்பட்டது. 60 பக்கச் சுற்றறிக்கையை முழுதாகக் கொடுப்பதைவிட வேண்டிய 5 பக்கத்தைக் கொடுப்பது எப்போதும் மேல்.

உள்ளூர் அளவை வரும் இடத்தில் மாற்று விகிதத்தையும் எழுதிவிடுங்கள். உங்கள் மாணவரின் பெற்றோரில் தோட்டம் செய்பவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் சொல்லுங்கள். பரப்பு என்றால் செயலிக்கு வெறும் 'இடப்பரப்பு' என்றும் படலாம். 1 பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு 1 ஏக்கர், ஒரு ஹெக்டயர் ஏறத்தாழ 39.5 பரப்பு. ஹெக்டயருக்கு 100 கிலோ என்று ஒரு பரிந்துரை இருந்தால் 6 பரப்பு வெங்காயத் தறைக்கு ஏறத்தாழ 15 கிலோ. செயலி பரப்பைத் தமிழ்நாட்டுச் சென்ற் (ஏக்கரில் நூறில் ஒன்று) என்று எடுத்துக்கொண்டால் இரண்டரைக் கிலோகூட வராது, ஆறு மடங்கு வித்தியாசம். பசளை அளவு, மருந்தளவு போன்றவற்றை அதனிடம் கேட்கவே வேண்டாம். விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரத்தை அல்லது போதனாசிரியர் சொன்னதைக் கொடுத்து, கணக்கை மட்டும் செய்யவைத்து, அதையும் ஒருமுறை கல்குலேற்றரில் பாருங்கள்.

"நீ 30 வருட அனுபவமுள்ள விஞ்ஞான ஆசிரியர்" என்று தொடங்கச் சொல்லும் அறிவுரை எங்கும் இருக்கிறது. அது தொனியை மாற்றும், இல்லாத அறிவைக் கொண்டுவராது. அந்த ஒரு வரியை விட "தரம் 10, தமிழ் மொழிமூலம், இந்த அலகை இன்னும் படிக்காதவர்கள்" என்பது பல மடங்கு உதவும்.

கேட்கும் விதத்திலேயே விடையைத் திணித்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். "இந்த விடை சரிதானே?" என்றால் "ஆம், சரி" என்று வரும் வாய்ப்புக் கூட. "இது பிழைதானே?" என்று திருப்பிக் கேட்டால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சரியானதையே மாற்றிவிடவும் கூடும். "இந்த விடையைச் சரிபார், பிழை இருந்தால் எந்தப் படியில், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்" என்று நடுநிலையாகக் கேளுங்கள். உரையாடல் குழம்பிப் போனால் திருத்தித் திருத்தி இழுக்க வேண்டாம். முன்பு சொன்ன பிழைகளும் அதன் கண்முன் இருந்துகொண்டே இருக்கும். எது சரிவந்ததோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குங்கள்.

பிள்ளைகளின் பெயர், புள்ளி, பெற்றோரின் தொலைபேசி இலக்கம் எதையும் ஒட்டாதீர்கள். "மாணவர் 1, மாணவர் 2" போதும். கடிதங்களில் தேசிய அடையாள அட்டை இலக்கத்தை வெறும் இலக்கம் என்று நினைக்க வேண்டாம். புதிய 12 இலக்க முறையில் முதல் 4 இலக்கம் பிறந்த வருடம், அடுத்த 3 இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஆக அந்த இலக்கம் ஒன்றே பிறந்த திகதியையும் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடும். கடிதத்தில் அந்த இடத்தைக் கோடாக விட்டு, அச்செடுக்கும் முன் நீங்கள் நிரப்புங்கள்.

ஒவ்வொரு தடவையும் முழுவதையும் அடிக்கத் தேவையில்லை. கீழே உள்ளதை உங்களுக்கு ஏற்ப மாற்றிப் போனில் குறிப்பாக வைத்திருந்து, புதிய உரையாடலின் தொடக்கத்தில் ஒட்டுங்கள். சட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றின் அமைப்புகளில் நிரந்தர அறிவுறுத்தல் எழுதும் இடமும் உண்டு, அங்கேயும் போடலாம்.

"நான் யாழ்ப்பாணத்தில் தரம் 10, 11 மாணவருக்குத் தமிழ் மொழிமூலம் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். இலங்கைப் பாடநூற் கலைச்சொற்களையும் இலங்கை வழக்கையும் பாவி: புள்ளி, பாடசாலை, பரீட்சை, திகதி, செக்கன், மீற்றர், ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, ஒளித்தொகுப்பு, கதி, வேகம், ஆர்முடுகல். ஒரு சொல்லின் இலங்கை வடிவம் உறுதியாகத் தெரியாவிட்டால் அதன் பக்கத்தில் கேள்விக்குறி போடு. நான் தந்த பகுதியில் இல்லாத தகவலைச் சேர்த்தால் அந்த வசனத்தைத் தனியாகக் காட்டு. விடயம் தெளிவில்லை என்றால் எழுதத் தொடங்க முன் என்னிடம் கேள், 3 கேள்விக்கு மேல் வேண்டாம்."

கேள்விக்குறி விழும் சொற்களைப் பாடநூலில் பார்த்துச் சொற்பட்டியலில் சேருங்கள். நேர்கோட்டியக்க அலகிலேயே தொடங்கலாம், கதியும் வேகமும் முதல் இரண்டு சொற்களாக இருக்கட்டும்.